பஸ் மாறும் ஊரில் இரண்டு இரவுகள்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "தஞ்சாவூரும் கும்பகோணமும் பார்த்துவிட்டோம். தை மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வருகிறோம். அப்படியே டெல்டாவில் அதிகம் பேர் போகாத ஓர் ஊரில் இரண்டு நாள் தங்க ஆசை. நாகப்பட்டினத்தில் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை நேரே ஊர் திரும்பிவிடலாமா? மகளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி."

திரும்பிவிட வேண்டாம். இரண்டு இரவு நாகையிலேயே தங்குங்கள்.

வடக்கே சுமார் 6 கிலோமீட்டரில் நாகூர், தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி, மேற்கே 5 கிலோமீட்டரில் சிக்கல். மூன்று திசையிலும் பெரிய தலம் இருப்பதால், நடுவில் இருக்கும் நாகை பஸ் மாறும் இடமாகிவிட்டது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் இந்த ஊர் பஸ் நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் இங்கே பிறந்து, இங்கேயே ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளியூரிலிருந்து வரும் நண்பர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது முப்பது ஆண்டுகளாக எனக்குப் பழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தஞ்சைப் பெரிய கோயிலைப்போல நிமிர்ந்து பார்க்கும் ஒன்றை எதிர்பார்த்து வந்தால் இந்த ஊர் உங்களை ஏமாற்றிவிடும். நாகை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் துறைமுகமாக இருந்த ஊர். துறைமுகத்துக்கு வந்தவை எல்லாம் ஒரு காலம் இருந்துவிட்டுப் புறப்பட்டுப் போயின. இங்கே இருந்த பௌத்த விகாரம் இல்லை. அதன் புத்தர் சிலைகள் சென்னைக்குப் போய்விட்டன. அந்த விகாரத்துக்கு நிலம் கொடுத்த செப்பேடு நெதர்லாந்துக்குப் போனது. டச்சுக்காரர்களின் கோட்டை இல்லை. 1844இல் இங்கே தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்குப் போனது. ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்குப் போனது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கப்பல் நின்றுவிட்டது. ஆகவே என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு வந்து பார்த்தால்தான் நாகை கண்ணுக்குப் புலப்படும். தெரியாமல் வந்தால் மீன் வாசமும் வெயிலும் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

அதனால் உங்கள் பயணம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தொடங்கட்டும். வருவதற்கு முந்தைய வாரம் மகளை அங்கே அழைத்துப் போய், வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் 'நாகப்பட்டினம்' என்று எழுதியிருக்கும் புத்தர்களைத் தேடச் சொல்லுங்கள். தலையுச்சியில் தீச்சுடர் எழும் புத்தர்கள் அவை. அந்தச் சுடர்தான் நாகை வெண்கலத்தின் அடையாளம். 1856 தொடங்கிப் பல பத்தாண்டுகளில் நாகை மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் சிலைகள் கிடைத்தன. பெரும்பாலானவை கையளவே இருக்கும். கடல் கடந்து போகிறவனும் வந்தவனும் மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடிய அளவு அது என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவற்றைப் பார்த்துவிட்டு நாகைக்கு வரும் குழந்தை, இந்த ஊர் மண்ணை வேறு கண்ணோடு பார்க்கும். என் மாணவர்களிடம் இதைக் கண்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து காரைக்கால் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் நாகையில் இறங்கலாம். நேரம் இருந்தால் நான் வேறு வழி சொல்வேன். தஞ்சாவூர் வரை வந்து, அங்கிருந்து பகலில் ஓடும் ரயிலில் ஏறுங்கள். சுமார் 80 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் பழைய ரயில் பாதைகளில் ஒன்று இது. நாகையிலிருந்து திருச்சிக்கு 1861–62இல் போடப்பட்டது. உள்நாட்டுச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வெள்ளைக்காரக் கம்பெனி கடலோரத்தில் தொடங்கி மேற்கே போட்டுக்கொண்டு போன பாதை. நீங்கள் தண்ணீர் போகும் திசையிலேயே போவீர்கள். கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாற்றை ஒரு கையாகப் பிரித்துவிட்டு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறாகவும் பாமணியாறாகவும் இன்னும் இரண்டாகக் கிளைக்கிறது. வழியில் கோயில்வெண்ணி என்று ஒரு சிறிய நிலையம் வரும். கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வென்ற வெண்ணிப் போர் நடந்த இடம் அதுதான் என்பார்கள். மகளிடம் சொல்லுங்கள், ரயில் அங்கே நின்றால் ஒரு நிமிடம் நிற்கும்.

தை மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். நிற்கும் நெற்பயிருக்குள் ஆட்கள் இறங்கி விதை தெளிப்பதைக் கண்டால் குழம்ப வேண்டாம். அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பாகவே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். அறுத்த தாளுக்கு நடுவே, வயலின் ஈரத்திலும் பனியிலும் அவை முளைத்து எழுந்துவிடும். தனியாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை.

திருவாரூரைத் தாண்டியதும் நிலம் மாறுவதைக் கவனியுங்கள். வாய்க்கால்கள் தாழ்ந்து, கருவேலம் பெருகி, காற்றில் உப்பு வரும். இதுதான் கடைமடை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் எல்லா ஊர் வயலையும் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேர வேண்டிய இடம் நாகை மாவட்டம். "கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?" என்பது எங்கள் பக்கத்தில் குசலம் விசாரிப்பதைப் போன்ற கேள்வி. ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ரெகுலேட்டர் கட்டி வைத்திருப்பது நல்ல தண்ணீரைத் தேக்க மட்டும் இல்லை. கடல் நீர் வயலுக்குள் ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. ஊருக்கு வந்த பின் ஏதாவது ஒரு ரெகுலேட்டர் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்று இரண்டு பக்கத்துத் தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். டெல்டா என்றால் என்ன என்று பாடப்புத்தகம் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும்.

வந்த அன்று மாலை காயாரோகணேசுவரர் கோயிலுக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் நீலாயதாட்சி அம்மன் கோயில் என்பார்கள். அப்படிக் கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குச் சட்டென்று புரியும். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சுந்தரர் இங்கே வந்து இறைவனிடம் என்னென்ன கேட்டார் என்பதைத் தேவாரத்தில் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். கஸ்தூரி கேட்கிறார், மணக்கும் சந்தனம் கேட்கிறார், பட்டு கேட்கிறார், காற்றைப்போலப் பாயும் குதிரை கேட்கிறார். வேறு தலங்களில் அவர் நெல் கேட்டிருக்கிறார், பொன் கேட்டிருக்கிறார். இந்த ஊரில் மட்டும் இப்படி ஒரு பட்டியல் ஏன்? குதிரையும் பட்டும் வாசனைப் பொருளும் கப்பலிலிருந்து இறங்குவதைக் கண்ணால் பார்த்த ஊரில் நின்று கேட்டிருக்கிறார் என்பதுதான் எனக்குக் கிடைத்த விடை. கடைவீதியில் எது கண்ணில் பட்டதோ அதைத் தோழனிடம் கேட்கிற உரிமை அது. எட்டாம் நூற்றாண்டு நாகையின் கடைத்தெருவை இதைவிடப் பக்கத்தில் நின்று பார்க்க வேறு வழி எனக்குத் தெரியாது.

தியாகராஜருக்குரிய ஏழு விடங்கத் தலங்களில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு தலத்திலும் தியாகராஜர் ஒவ்வொரு விதமாக ஆடுகிறார். நாகையில் அவர் ஆடுவது கடலலையின் நடனம். இதே கோயிலோடு சேர்ந்தவர் அதிபத்த நாயனார், எங்கள் ஊர் மீனவர். நாள்தோறும் பிடிபடும் மீனில் ஒன்றை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். வலையில் ஒரே ஒரு மீன் விழுந்த நாட்களிலும் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்மீன் ஒன்று சிக்கியது, அதையும் விட்டார். ஆவணி ஆயில்யத்தன்று இன்றும் படகில் கடலுக்குப் போய்ப் பொன்மீன் விடும் விழா நடக்கிறது. தை மாதத்தில் வருகிற உங்களுக்கு அது கிடைக்காது. நாயனாரின் சந்நிதியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

பக்கத்திலேயே சௌந்தரராஜப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பெருமாளின் அழகைப் பார்த்து வியந்து வியந்து பாடிய தலம். இங்கே எட்டுக் கை நரசிம்மர் செப்புத் திருமேனி ஒன்று உண்டு. ஒரு கை பிரகலாதன் தலையில் ஆறுதலாக இருக்க, வேறு கைகள் இரணியனை வதைக்கின்றன. சிறிய சிலைதான். அர்ச்சகரிடம் கேட்டு, விளக்கொளியில் நின்று நிதானமாகப் பாருங்கள்.

மறுநாள் விடியலில் அக்கரைப்பேட்டை. கடுவையாறு கடலில் சேரும் இடத்தில், ஊருக்கு மறுகரையில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். ஐந்தரை மணிக்கே போய்விடுங்கள். விசைப்படகுகள் வந்து நிற்க, கூடை கூடையாக மீன் இறங்க, ஏலம் கூவும் குரல் ஒருபக்கம், ஐஸ் உடைக்கும் சத்தம் ஒருபக்கம். ஏலத்தில் பெண்களின் கை ஓங்கியிருப்பதை உங்கள் மகள் கவனிக்கட்டும். வேலை நடக்கும் இடம் அது. நடைபாதையை மறித்து நிற்காமல், கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வருபவர்களுக்கு இந்தக் காட்சி இல்லை.

இதே அக்கரைப்பேட்டையும் பக்கத்தில் உள்ள கீச்சாங்குப்பமும்தான் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் அழிந்தவை. தமிழ்நாட்டில் மிக அதிகமான உயிர்கள் போனது நாகை மாவட்டத்தில், 6,000க்கு மேல். அன்று காலை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. விடுமுறை முடிந்து திறந்தபோது என் வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்து வாசிக்க முடியாமல் மூடி வைத்தேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: துறைமுகத்தில் பழக்கமாகும் யாரிடமும் "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

பகலில் விகாரத்தைத் தேடிப் போகலாம். சூடாமணி விகாரம் என்பது, இன்றைய மலேசியா, சுமத்ரா பக்கத்தில் இருந்த கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட அரசன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் எழுப்பிய பௌத்தப் பள்ளி. கடல் கடந்த பௌத்த அரசன் கட்டிய பள்ளிக்குச் சிவபக்தனான முதலாம் ராஜராஜன் தனது 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விடும் நிலக்கொடையாகக் கொடுத்தான். அந்த ஊரிலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த வரவு 8,900 கலத்துக்கும் மேற்பட்ட நெல். வாய்மொழியாக ராஜராஜன் கொடுத்த ஆணையைச் செப்பேட்டில் வெட்டுவித்தவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன் 1025 வாக்கில் கப்பற்படை அனுப்பி அதே கடாரத்தை வென்றான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து லைடன் நகருக்குப் போனதால் அந்த ஏடுகளுக்கு லைடன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 21 ஏடுகள் கொண்டது பெரியது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறியது 3 ஏடுகள்.

ஆனைமங்கலம் இன்றும் இருக்கிறது, கீழ்வேளூருக்கு அருகே. போய் நின்றால் வயலும் வாய்க்காலும்தான். முதன்முறை ஒரு நண்பரை அங்கே கூட்டிப் போனபோது, "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார். செப்பேட்டில் அந்த ஊரின் எல்லையைச் சொல்லும் பகுதியை அச்சில் எடுத்துப் போயிருந்தேன். வரப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். யானையை நடக்கவிட்டு எல்லை குறித்ததும், கள்ளி நட்டதும், எந்த வாய்க்காலில் எவ்வளவு உரிமை என்பதும் வரிசையாக வரும். அரை மணி நேரம் கழித்து, எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தது அவர்தான்.

நாகையிலேயே, ஊருக்கு வடக்கே, செங்கல்லால் கட்டிய மூன்று அடுக்குச் சதுரக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பது ஊர்ப் பெயர். வெள்ளைக்காரர்கள் சீனப் பகோடா என்றார்கள். கப்பலோட்டிகள் கரையை அடையாளம் காண அதைத்தான் பார்த்து வந்தார்கள். 1867இல் இயேசு சபைப் பாதிரியார்கள் அரசின் அனுமதியோடு அதை இடித்தார்கள். பகோடாவைக் காட்டும் பழைய ஓவியம் ஒன்று இணையத்தில் கிடைக்கும். அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நின்று ஊர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள். இடித்த செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

டச்சுக்காரர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். 1690இல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தை இங்கே மாற்றி, 'ஐந்து புலன்கள்' என்று பொருள்படும் பெயரில் கோட்டை கட்டினார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது 1774இல் கட்டிய புனித பேதுரு ஆலயமும் சில கல்லறைகளும். ஆலயத்தை அரை மணியில் பார்த்துவிடலாம்.

மாலையை நாகூருக்கென்று முழுதாக ஒதுக்குங்கள். தர்காவின் ஐந்து மினார்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தலையை மூடிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு யாரும் உள்ளே போகலாம். நேர்ந்துகொண்டவர்கள் செலுத்தும் வெள்ளித் தகடுகளை விற்கும் கடைகளில் நின்று பாருங்கள். கை, கால், கண், வீடு எனப் பல வடிவங்கள், கப்பலும் உண்டு. இந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையைப் பற்றி ஊரில் சொல்லும் கதை: நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை, கரையில் இருந்தபடியே தன் கைக்கண்ணாடியை எறிந்து ஓட்டையை அடைத்துக் காப்பாற்றினார் என்பது. வேளாங்கண்ணியில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளை மாதா கரை சேர்த்த கதையைக் கேட்பீர்கள். அதிபத்தர் கதை நேற்றே கேட்டாயிற்று. எங்கள் கரையில் தெய்வம் எந்த மதத்துக்கு உரியதானாலும், கடலில் தத்தளிப்பவனைத் தெரிந்த தெய்வமாக இருக்கிறது. மதநல்லிணக்கம் என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்கு நாகையிலிருந்து கப்பல் வடிவ ரதங்களோடு நாகூருக்குக் கொடி ஊர்வலம் போகும்போது தெருவின் இருபுறமும் நிற்கும் முகங்களைப் பார்ப்பவருக்கு, பயமும் நம்பிக்கையும் ஒரே கடலிலிருந்து வந்தவை என்பது விளங்கும். அலைக்குப் பயந்து வாழ்கிறவர்கள் யார் கை நீண்டாலும் பற்றிக்கொள்வார்கள்.

நாகூரில் சாப்பிட்டுவிட்டே திரும்புங்கள். வாடா என்று ஒரு பலகாரம். அரிசி மாவில் இறால் பதித்துப் பொரித்தது. சூட்டோடு தின்ன வேண்டும். வீட்டுக்கு வாங்கிப் போக, ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த தம்ரூட். சைவம் என்றால் நாகையில் வழக்கமான ஓட்டல்கள் போதும். அதில் சிறப்பாகச் சொல்ல எதுவும் இல்லை. மீன் சாப்பிடுபவர்கள் கொடுவா கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கப்பல் கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ரஜுலா என்ற கப்பல் ஓடியது. ஆழமான துறைமுகம் இல்லாததால் அது தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களைத் தோணியில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். என் தாத்தா அப்படித்தான் போனார், மேல்தளத்துப் பயணியாக, ஒரு தகரப் பெட்டியோடு. தோணி அலையைத் தாண்டும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்ததாகப் பாட்டி சொல்வாள். கப்பல் புகை மறையும்வரை நின்றதாகச் சின்னப் பாட்டி சொல்வாள். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. டெல்டாவில் பழைய வீடுகளில் பினாங்குப் பீங்கானையோ கண்ணாடி அலமாரியையோ கண்டால் அது வந்த வழி இதுதான். பல ஆண்டுகளுக்குப் பின் 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் ஓடியது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் நிறுத்துவதுண்டு, போக விரும்பினால் கடவுச்சீட்டோடு, தேதியை முன்கூட்டி உறுதிசெய்துகொண்டு வாருங்கள்.

மேற்கே சிக்கல் சிங்காரவேலரைக் காண ஒரு மணி நேரம் போதும். "சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சூரசம்ஹாரம்" என்பார்கள். கந்தசஷ்டியில் வேல் வாங்கும்போது அவர் முகத்தில் வியர்வை துளிர்ப்பதைக் காணக் கூட்டம் நெருக்கும். தை மாதத்தில் அமைதியாக இருக்கும். அங்கிருந்து கீழ்வேளூர்ப் பக்கம் போகும்போது கீழ்வெண்மணிக்கும் போய்வாருங்கள். கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லலாமா என்று தயங்குவீர்கள். சொல்லலாம். ரயில் ஜன்னலில் பார்த்த பச்சை வயலில் யார் இறங்கி வேலை செய்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரியாமல் டெல்டாவைப் பார்த்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. ஆனைமங்கலத்துக்கும் வெண்மணிக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். கலக்கணக்கில் நெல் அளந்த பூமியும், படிக்கணக்கில் நெல் கேட்டதற்காக எரிக்கப்பட்ட பூமியும் ஒன்றே.

மூன்றாம் நாள் கிடைத்தால் வேதாரண்யமும் கோடியக்கரையும். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பயணம். தையில் பூநாரைகள் இருக்கும் காலம். வெளிமான்களைக் காட்டுக்குள் பார்க்கலாம். வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் நிற்கலாம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய இடம். இரண்டே நாள்தான் என்றால் இதை விட்டுவிடுங்கள். அவசரத்தில் பார்த்தால் மானும் தெரியாது, உப்பும் தெரியாது.

தங்குவதற்கு நாகையில் நடுத்தர விடுதிகள் போதிய அளவு உண்டு. வேளாங்கண்ணியில் தங்கிக்கொண்டு நாகைக்கு வந்து போகலாமே என்று தோன்றும். வேண்டாம், விடியற்காலை துறைமுகமும் மாலைக் கோயிலும் தவறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். 2018இல் கஜா கரையேறியது எங்களுக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். நீங்கள் தேர்ந்த தை நல்ல மாதம். பொங்கல் வாரத்தில் மட்டும் ரயிலில் இடம் கிடைப்பது கடினம்.

அம்மாவுக்கு: காயாரோகணத்திலும் சௌந்தரராஜப் பெருமாளிடமும் ஏறுவதற்குப் பெரிய படிக்கட்டு இல்லை. கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில். படி ஏற வேண்டும், அதைத் தவிர்த்துவிடலாம். சிக்கலிலும் மேலே ஏறும் இடம் உண்டு, கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். அக்கரைப்பேட்டைக்கு அவரை அழைத்துப் போக வேண்டாம், தரை முழுக்க ஈரமும் வழுக்கலும். அந்த நேரத்தில் ஆட்டோவில் கடற்கரையில் கொண்டுவந்து விடுங்கள். கிழக்கு பார்த்த கடல். சூரியன் நேரே எதிரில் எழும். உட்காருவதற்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்து வந்தால் நல்லது, மணல் அகலமாக இருப்பதால் தண்ணீர் ஓரம் வரை நடக்க வைக்காதீர்கள்.